ஆர்ச்சியின் கோட்டை எங்கே போய் இறங்கும்?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய காமிக்ஸ் புத்தகங்கள் கிடந்தால் இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் 1984இல் வெளிவரத் தொடங்கியது. அதில் வந்து நம் நாட்டுப் பிள்ளைகளின் மனத்தைக் கொள்ளை கொண்ட நாயகர்களுள் ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதனும் ஒருவன். அவன் பிறந்த இடம் இங்கிலாந்து. 1952இல் அங்கே தொடங்கிய 'லயன்' வார இதழில்தான் முதலில் தோன்றினான். பிற்காலக் கதைகளில் அவனுக்கும் அவன் தோழர் இருவருக்கும் ஒரு கால இயந்திரம் கிடைத்தது. சதுரங்கத்தில் நாம் யானை என்று சொல்லும் காயை ஆங்கிலேயர் கோட்டை என்பர். அந்தக் காயின் வடிவில் ஒரு பெருங்கோபுரம். அதன் பெயரும் கோட்டைதான்!

பழைய இதழ்களைத் தேடிப் பிடித்து, ஒரே தொகுப்பாகத் தைத்து வைக்கும் வாசகர்களிடம் தீராத வழக்கு ஒன்று உண்டு. கதைகளை எந்த வரிசையில் அடுக்குவது? வெளிவந்த வரிசையிலா, கதை நடக்கும் ஆண்டுகளின் வரிசையிலா? ஒரு கதையில் பழங்காலம், அடுத்ததில் வருங்காலம் என்று போனால் ஆண்டுக் கணக்கு உதவாது. ஆர்ச்சியின் தலையில் விழுந்த நசுங்கல் 'பின்னால்' நடக்கும் கதையில் காணாமற் போயிருக்கும்!

இந்த வழக்குக்கு இயற்பியலில் நல்ல தீர்ப்பு இருக்கிறது. ஆர்ச்சியின் மார்பில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிடுங்கள். அது காட்டும் வரிசையே அவன் வாழ்க்கையின் வரிசை. 1905இல் ஐன்ஸ்டீன் வெளியிட்ட சிறப்புச் சார்பியல் கொள்கை இதைத்தான் வற்புறுத்துகிறது. உலகுக்கெல்லாம் பொதுவான ஒரே கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு பயணிக்கும் அவரவர் கடிகாரம் உண்டு. பயணி காட்டும் நேரத்துக்குத் தன்நேரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் பிரிந்து, வெவ்வேறு வழியாகப் போய், மீண்டும் சந்திக்கும்போது அவர்களுடைய தன்நேரங்கள் ஒத்துப் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இது கதையன்று. 1971இல் ஹேஃபலே, கீட்டிங் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள். தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டபோது, கொள்கை சொன்னபடியே, நானோ வினாடிக் கணக்கில் வேறுபாடு இருந்தது. ஒரு நானோ வினாடி என்பது ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இன்னும் எளிய சாட்சி வேண்டுமா? உள்ளங்கையை விரித்து வானத்தை நோக்கிப் பிடியுங்கள். ஏறத்தாழ வினாடிக்கு ஒன்று வீதம் மியூவான் என்னும் துகள் அதைத் துளைத்துச் செல்கிறது. இவை சுமார் 15 கி.மீ. உயரத்தில் காஸ்மிக் கதிர்களால் உண்டாகின்றன. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் கடக்கலாம். பின் எப்படி உங்கள் கையை வந்து சேர்ந்தது? அதன் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. நம் கணக்கில் அதன் ஆயுள் பல மடங்கு நீள்கிறது. உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 நிலையம் இந்த மியூவான்களை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆக, எதிர்காலத்தை நோக்கிக் குறுக்கு வழியில் போவது இயற்கையில் அன்றாடம் நடக்கும் செயலே.

சரி, ஆர்ச்சி பின்னோக்கிப் போகட்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் குடமுழுக்கை 1010இல் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று கொள்வோம். கோட்டை காலத்தில் மட்டும் நகர்ந்து, 'அதே இடத்தில்' இறங்குமா? பூமி சூரியனைச் சுற்றி வினாடிக்கு சுமார் 30 கி.மீ. ஓடுகிறது. ஒரே ஒரு மணி நேரம் பின்னால் போனாலும் பூமி 1,08,000 கி.மீ. தள்ளி இருக்கும். ஆர்ச்சி வெறும் வெளியில் மிதப்பான்! ஆனால் அவசரப்பட்டுச் சிரிக்காதீர்கள். 'அதே இடம்' என்றால் எதைப் பொறுத்து அதே இடம்? பூமியைப் பொறுத்தா, சூரியனைப் பொறுத்தா? அண்டவெளியில் அடித்து வைத்த முளைக்குச்சி எதுவும் இல்லை. கதாசிரியர் கோட்டையைப் பூமியோடு கட்டிவிட்டால் அதில் பிழை காண நமக்கு உரிமை கிடையாது.

மெய்யான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதை நம் ஊர் விதைநெல்லை வைத்தே பார்ப்போம். 2020இல் ஒரு பத்தாயத்திலிருந்து ஒரு மரக்கால் நெல்லை ஆர்ச்சி எடுத்துப்போய், 1990இல் ஒரு விவசாயியிடம் கொடுக்கிறான். அவர் அதை விதைக்காமல் பத்தாயத்தில் போட்டு வைக்கிறார். 2020இல் ஆர்ச்சி எடுத்ததும் அதே நெல்தான்! இதை விளைவித்தவர் யார்? ஒருவரும் இல்லை. அதோடு முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நெல்லுக்கு 30 வயது கூடவேண்டும். ஆனால் 1990இல் வந்து சேரும் நெல் ஒன்றே ஒன்றுதானே? நெல்மணி ஒரே சமயத்தில் பழசாகவும் பழசாகாமலும் இருக்க முடியாது. சாதாரணமாக வைத்திருக்கும் நெல் ஓரிரு ஆண்டுகளிலேயே முளைப்புத் திறனை இழக்கும் என்பதை உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். விவசாயி அதை விதைத்து, அறுத்து, ஆண்டுதோறும் புது விதை எடுத்து வைத்திருந்தால் இந்த வயதுத் தொல்லை நீங்கிவிடும். ஆனாலும் அந்த ரகத்தை முதன்முதலில் கண்டெடுத்தவர் யார் என்ற கேள்வி நின்றுகொண்டே இருக்கும்.

அமெரிக்கக் காமிக்ஸ்காரர்கள் இத்தகைய முரண்பாடுகளிலிருந்து தப்பப் பூமிகளையே பெருக்கினார்கள். 1961இல் வந்த ஒரு கதையில், ஃபிளாஷ் என்னும் வேக நாயகன், 1940இல் அதே பெயரில் தோன்றிய பழைய நாயகனை இன்னொரு பூமியில் சந்திக்கிறான். பூமிகள் மிகுந்துபோய்க் கணக்குத் தவறவே, 1985-86இல் 12 இதழ்கள் கொண்ட ஒரு பெருங்கதையால் அவற்றை ஒன்றாக்கினார்கள். விஞ்ஞானிகளிடமும் இரு கட்சி உண்டு. நடந்ததோடு முரண்படாத செயலை மட்டுமே காலப் பயணி செய்ய முடியும் என்றார் ரஷ்யாவின் நோவிகோவ். ஹ்யூ எவரெட் 1957இல் வகுத்த பல உலகக் கருத்தைப் பின்பற்றுவோரோ, காலம் கிளை பிரியும் என்பர்.

காவிரிப் பிள்ளைகளாகிய உங்களுக்கு இது எளிதில் விளங்கும். முக்கொம்பில் பிரியும் கொள்ளிடமும் காவிரியும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிவந்து கல்லணை அருகே மறுபடி நெருங்குகின்றன. காவிரியின் மிகைநீர் அங்கே கொள்ளிடத்தில் சேர்ந்துவிடுகிறது. நோவிகோவ் கட்சியை இப்படி எண்ணிக்கொள்ளலாம்: எப்படித் திருப்பினாலும் நீர் பழைய தடத்துக்கே வந்துவிடுகிறது. கல்லணையில் பிரியும் வெண்ணாறோ காவிரியோடு மீண்டும் கலக்காமல் தன் வழியே போகிறது. அது எவரெட் கட்சி. எது மெய் என்று சோதிக்க இதுவரை ஒரு கோட்டையும் கிடைக்கவில்லை. பின்னோக்கிய பயணத்தை இயற்கை விதிகளே தடுத்துவிடும் என்று 1992இல் ஹாக்கிங் கருத்து வெளியிட்டார். என் சாய்வும் அந்தப் பக்கமே.

வகுப்பில் இதைச் சொன்னபோது, நாகப்பட்டினத்துக் கடற்கரை ஊரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். அவள் பிறப்பதற்கு முன்பே அவளுடைய அத்தையைச் சுனாமி கொண்டுபோயிற்று. "கோட்டை 2004 டிசம்பர் 26 விடியற்காலையில் எங்கள் ஊரில் இறங்கினால் என்ன ஆகும், சார்?" என்று கேட்டாள். நோவிகோவ் கட்சிப்படி, எச்சரிக்கப் போனவரின் குரல் எப்படியோ கேட்காமற் போயிருக்கும். எவரெட் கட்சிப்படி, அத்தை வேறொரு கிளையில் பிழைத்திருப்பார்; இந்தக் கிளையில் இல்லை. "அப்படியானால் இரண்டிலும் எனக்கு அத்தை கிடையாது" என்றாள். ஆம், கிடையாது என்றுதான் சொல்ல முடிந்தது.

ஆனால் அன்றைய கடிகாரத்தைச் சற்று உற்றுப் பார்ப்போம். சுமத்ரா அருகே நிலம் பிளந்தது இந்திய நேரப்படி காலை 6.29க்கு. நாகப்பட்டினம் அங்கிருந்து சுமார் 2,000 கி.மீ. நிலநடுக்க அலை பாறைக்குள் வினாடிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. பாயும், நான்கைந்து நிமிடங்களில் நம் கரையைத் தொட்டிருக்கும். கடலலையின் வேகத்துக்கு எளிய வாய்பாடு உண்டு: புவியீர்ப்பு முடுக்கத்தையும் கடலின் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். 4,000 மீட்டர் ஆழத்துக்கு வினாடிக்கு சுமார் 200 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 700 கி.மீ. வரும். ஆகவே அலை காலை ஒன்பது மணியை ஒட்டித்தான் வந்தது. இடையில் இரண்டரை மணி நேரம்! செய்தி முன்னால் வந்துவிட்டது. அதைப் படித்துக் கரைக்குச் சொல்லும் ஏற்பாடுதான் அன்று இல்லை.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் அதே சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது, சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்து, தமிழகக் கடற்கரை மக்கள் மேட்டுப் பகுதிக்கு நகர்ந்தார்கள். பெரிய அலை வரவில்லை. அம்முறை பாறைத் தட்டு மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நழுவியதால், கடல்நீர் அவ்வளவாகத் தூக்கப்படவில்லை.