கண் சிமிட்டியது யார்?

வெளியுறவுக் கொள்கை வகுப்பை ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறேன். 1962-ல் கியூபா ஏவுகணை நெருக்கடி எப்படி முடிந்தது? யாராவது ஒருவர் உடனே சொல்லிவிடுவார்: கென்னடி அசையாமல் நின்றார், குருஷ்சேவ் பயந்து பின்வாங்கினார். அதைக் கரும்பலகையில் எழுதி அப்படியே விட்டுவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதைத்தான் நடத்தினேன். இப்படி எழுதிய விடைத்தாள்களுக்கு முழு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். அந்த உறுத்தல்தான் இந்தக் குறிப்பை எழுத வைக்கிறது.

இந்தக் கதையின் உச்சக் காட்சி அக்டோபர் 24. கியூபாவைச் சுற்றி அமெரிக்கக் கடற்படை மறித்து நிற்கிறது. சோவியத் கப்பல்கள் நின்றுவிட்டன என்று வெள்ளை மாளிகைக்குத் தகவல் வருகிறது. கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தோம், எதிராளி சிமிட்டிவிட்டான் என்ற பொருளில் வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் ஒரு வார்த்தை சொன்னார். சின்னப் பிள்ளைகள் விளையாட்டிலிருந்து எடுத்த வார்த்தை; யாருக்கும் மறக்காது. ஆனால் ஏவுகணைகளை ஏற்றி வந்த கிமோவ்ஸ்க் கப்பல் முந்தின நாளே திரும்பிவிட்டது. ரஸ்க் பேசிய நேரத்தில் அது பல நூறு மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது என்று மைக்கேல் டாப்ஸ் 2008-ல் வெளியிட்ட புத்தகத்தில் காட்டியிருக்கிறார். கண்ணுக்குக் கண் பார்க்க அங்கே எதிராளியே இல்லை.

உண்மையான உச்சம் மூன்று நாள் கழித்து, 27-ஆம் தேதி சனிக்கிழமை. அன்று கியூபா மேலே பறந்த யு-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானி இறந்தார். அதே நாளில் குருஷ்சேவின் புதுக் கடிதம் வந்தது: துருக்கியில் இருக்கும் உங்கள் ஜூபிடர் ஏவுகணைகளை எடுங்கள், கியூபாவில் இருப்பதை நாங்கள் எடுக்கிறோம். கென்னடி ரகசியமாக ஓடவிட்டிருந்த ஒலிப்பதிவில் அன்றைய விவாதம் முழுக்க இருக்கிறது. ஆலோசகர்களில் பெரும்பாலோர் இந்தப் பேரத்தை எதிர்க்கிறார்கள். கென்னடிதான் திரும்பத் திரும்ப, உலகத்தில் யார் பார்த்தாலும் இது நியாயமாகத்தானே தெரியும் என்கிறார். அன்று மாலை ஒரு சிறிய குழுவை மட்டும் தனியாகக் கூட்டி முடிவெடுத்தார்கள். தம்பி ராபர்ட் கென்னடி போய் சோவியத் தூதர் டோப்ரினினைப் பார்த்தார். நான்கைந்து மாதத்தில் ஜூபிடர்கள் போய்விடும், ஆனால் வெளியே மூச்சு விடக்கூடாது. மறுநாள் மாஸ்கோ வானொலி பின்வாங்கலை அறிவித்தது. 1963 ஏப்ரலுக்குள் துருக்கியிலிருந்த 15 ஜூபிடர்களும் போய்விட்டன.

அதற்கப்புறம் கதை எப்படிக் கட்டப்பட்டது என்பதுதான் என் ஆராய்ச்சி. டிசம்பரில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. எழுதிய இருவரில் ஒருவர் கென்னடியின் நெருங்கிய நண்பர். ஐ.நா.வுக்கான தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் இன்னொரு மியூனிக்கை விரும்பினார் என்று அதில் குற்றச்சாட்டு. 1938-ல் மியூனிக்கில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்ததை நினைவூட்டும் அந்தச் சொல்லைவிடப் பெரிய வசவு அன்றைய அமெரிக்க அரசியலில் கிடையாது. ஸ்டீவன்சன் செய்த பாவம், ஜூபிடர்களைப் பேரம் பேசலாம் என்று முன்னதாகவே சொன்னது. அதை ரகசியமாகச் செய்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிற இடம் இது.

1969-ல், ராபர்ட் கென்னடி கொல்லப்பட்ட பிறகு, அவருடைய நினைவுக் குறிப்பு ‘பதின்மூன்று நாட்கள்’ வெளிவந்தது. அதில் பேரம் பேரமாகத் தெரியவில்லை. புத்தகத்தைச் செப்பனிட்ட தியோடோர் சோரன்சன், டைரியில் இருந்த வெளிப்படையான வரிகளைத் தானே வெட்டியதாக 1989-ல் மாஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டில் ஒத்துக்கொண்டார்.

தொன்மம் என்றால் பொய் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ஹென்றி டியூடர் 1972-லேயே சொன்னது இது: ஒரு கதையை அரசியல் தொன்மம் ஆக்குவது அதன் பொய்மை இல்லை, நடந்ததை நாடகமாக்கி, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று அது காட்டுவதுதான். கியூபாக் கதையில் பெரும்பகுதி நடந்ததுதான். மறிப்பு நடந்தது, படைகள் தயாராக நின்றன, சோவியத் பின்வாங்கியது. வெட்டப்பட்டது ஒரே ஒரு பகுதி. ஆனால் அதை வெட்டியதும், உறுதியாக நின்றால் எதிரி பணிவான் என்ற பாடம்தான் மிஞ்சும்.

அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை மாலைக் கூட்டத்துக்குத் துணை அதிபர் லிண்டன் ஜான்சன் அழைக்கப்படவில்லை. ஓராண்டு கழித்து அவரே அதிபர், முன்னால் வியட்நாம். அவருடைய முடிவுகளுக்குக் கியூபா மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருவருக்கும் ஆலோசகராக இருந்த மெக்ஜார்ஜ் பண்டி 1988-ல் தன் புத்தகத்தில், அந்த ரகசியத்தால் சக ஊழியர்களையும் நாட்டையும் தவறான முடிவுக்குத் தள்ளினோம் என்ற தொனியில் எழுதினார். காலம் கடந்த வாக்குமூலம்தான்.

இத்தோடு முடித்துவிட்டால் எனக்கு வசதி. போன வருஷம் ஒரு மாணவி விடவில்லை. ஃபுர்சென்கோ, நஃப்தாலி இருவரும் சோவியத் ஆவணங்களைப் பார்த்து எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு வந்திருந்தாள். டோப்ரினினின் அறிக்கை கையில் கிடைப்பதற்கு முன்பே குருஷ்சேவ் பின்வாங்கும் முடிவுக்கு வந்துவிட்டார் என்கிறது அது. "அப்போ ரகசியப் பேரம்தான் உலகத்தைக் காப்பாத்துச்சுன்னு நீங்க சொல்றதும் இன்னொரு தொன்மம்தானே சார்?" என்றாள்.

என்னிடம் உடனடிப் பதில் இல்லை. பேரம் பின்வாங்கலை உண்டாக்கவில்லை, எளிதாக்கியது என்று மறுவாரம் சொன்னேன். அவள் பாதிதான் ஒத்துக்கொண்டாள். இந்த வருஷம் வரிசையை மாற்றியிருக்கிறேன். முடிவைச் சொல்லாமல் 27-ஆம் தேதி ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை முதலில் கொடுத்துவிட்டேன். துருக்கியை விட்டுக்கொடுக்கலாமா என்று திங்கட்கிழமை வகுப்பில் வாக்கெடுப்பு.