தின்று தீர்க்க வேண்டிய மீன்!

"இந்த மீனைப் பிடியுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள். குஞ்சைக்கூட விடாதீர்கள். பிடித்துத் தின்னுங்கள்!"

இப்படி ஓர் அரசாங்கம் சொல்லுமா? மீன் வளத்தைக் காப்பாற்று, குஞ்சு மீனைப் பிடிக்காதே என்றுதானே எந்த அரசாங்கமும் சொல்லும்?

ஆனால், அமெரிக்க அரசாங்கம் இப்படிச் சொன்னது. ஜமைக்கா தீவு அரசாங்கமும் சொன்னது. கொலம்பியா நாட்டில் மாதா கோயில் பாதிரிமார்களே பிரசங்கத்தில் சொன்னார்கள். "தவக்காலத்தில் இறைச்சி வேண்டாம், மீன் சாப்பிடலாம் அல்லவா? இந்த மீனைச் சாப்பிடுங்கள்" என்றார்கள்.

அப்படி என்ன பாவம் செய்தது அந்த மீன்?

அழகான ஆசாமி

அதன் பெயர் சிங்கமீன். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக வரி. விசிறி விரித்தாற்போல் துடுப்புகள். சிங்கத்தின் பிடரி மயிரைப்போல் முதுகில் நீண்ட முட்கள். நன்றாக வளர்ந்தால் ஒன்றரை அடி நீளம் இருக்கும்.

இதன் சொந்த ஊர் இந்துமாக்கடலும் பசிபிக் கடலும். நம்முடைய மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளிலும் உண்டு. இங்கே அதனால் யாருக்கும் தொல்லை இல்லை. மற்ற மீன்களுக்கு அதன் குணம் தெரியும். அதுவும் ஊரோடு ஒட்டி வாழ்கிறது.

தொல்லை எல்லாம் அட்லாண்டிக் கடலில். அங்கே அது வந்தேறி.

எப்படி வந்தது? அழகே வினையாயிற்று! வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறவர்கள் இதை விரும்பி வாங்கினார்கள். உயிரோடு அமெரிக்காவுக்குப் போயிற்று. தொட்டியில் விட்டால் கூட இருக்கும் சிறு மீன்களை எல்லாம் ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். வளர்த்தவர்கள் என்ன செய்வார்கள்? கொல்ல மனம் வராது. கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

1992-ல் அடித்த ஆண்ட்ரூ புயலில் ஒரு தொட்டி உடைந்து 6 சிங்கமீன்கள் கடலில் விழுந்தன, அவற்றின் சந்ததிதான் இவ்வளவும் என்று ஒரு கதை வெகுகாலம் உலவியது. அது நல்ல கதைதான். ஆனால் அதற்கு 7 ஆண்டுகள் முன்பே, 1985-ல், புளோரிடா கரையோரம் ஒரு சிங்கமீன் பிடிபட்டுவிட்டது! புயலின் மேல் பழி போடுவது மனிதனுக்குச் சுலபம்.

2000-ல் வட கரோலினா மாநிலக் கடலில் கண்டார்கள். 2004-ல் பகாமா தீவுகள். பிறகு கியூபா, ஜமைக்கா, பெலீஸ், மெக்சிகோ வளைகுடா. 2014-ல் பிரேசில் நாட்டுக் கடலிலும் தலைகாட்டிவிட்டது.

ஆண்டுக்கு 20 லட்சம் முட்டை!

ஒரு பெண் சிங்கமீன் சில நாட்களுக்கு ஒரு முறை முட்டை இடுகிறது. ஆண்டு முழுவதும் இடுகிறது. மொத்தம் 20 லட்சம் முட்டை வரை ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முட்டைகள் கூழ் உருண்டைபோல் மிதந்து கடல் நீரோட்டத்தோடு போகும். இன்று இங்கே இட்ட முட்டை, வேறு ஒரு தீவின் கரையில் குஞ்சாகப் போய்ச் சேரும். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறது.

தீனி? சொல்லவே வேண்டாம். வயிறு நிரம்பினால் 30 மடங்கு விரியும். தன் உடம்பில் பாதி நீளம் உள்ள மீனையும் விழுங்கும். ஒரு சிங்கமீன் அரை மணி நேரத்தில் 20 சிறு மீன்களைத் தின்றதை ஆராய்ச்சியாளர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

அது வேட்டையாடும் விதமும் தந்திரமானது. துரத்தாது. துடுப்புகளை விரித்து மெதுவாக நெருங்கும். வாயால் தண்ணீரைப் பீச்சும். சின்ன மீன் அதை நீரோட்டம் என்று நினைத்து முகத்தைத் திருப்பும். தலை நேராக வாய்க்குள் போகும்! அட்லாண்டிக் மீன்களுக்கு இந்த வித்தை புதிது. ஓட வேண்டும் என்றே அவற்றுக்குத் தெரியவில்லை.

பகாமா தீவுகளில் ஒரு சோதனை செய்தார்கள். சிறிய பவளப்பாறைகளில் சிங்கமீனை விட்டார்கள். 5 வாரம் கழித்துப் பார்த்தால், அங்கே புதிதாக வந்து சேரும் குஞ்சு மீன்கள் 100-க்கு 79 வீதம் குறைந்திருந்தன. 2008-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

குஞ்சு போனால் நாளைக்கு வலையில் என்ன விழும்? அந்தத் தீவுகளின் மீனவர்கள் நம்பியிருப்பது களவாய், சங்கரா போன்ற மீன்களை. அவற்றின் குஞ்சுகளும் அவை தின்னும் சிறு மீன்களும் சிங்கமீன் வயிற்றுக்குள் போகின்றன. பாறையில் படியும் பாசியை மேயும் கிளிமீன் குஞ்சுகளும் போகின்றன. பாசி மேய ஆள் இல்லாவிட்டால் பவளப்பாறையே மூச்சு முட்டிப் போகும்.

இதைத் தின்ன வேறு பெரிய மீன் கிடையாதா? சுறா, களவாய் எல்லாம் பெரும்பாலும் தொடுவதில்லை. சில இடங்களில் கடலில் மூழ்குகிறவர்கள் ஈட்டியில் குத்திய சிங்கமீனைச் சுறாவுக்கு ஊட்டிப் பழக்கினார்கள். சுறா பழகியது, சிங்கமீனுக்கு அல்ல, ஊட்டும் ஆளுக்கு! தண்ணீரில் மனிதனைக் கண்டாலே தீனி கேட்டுப் பின்னால் வர ஆரம்பித்தது. அந்த விளையாட்டு வேண்டாம் என்று தடுத்தார்கள்.

கடைசியில் ஒரே ஒரு வாய்தான் மிஞ்சியது. மனிதனின் வாய்!

முள்ளில் விஷம், கறியில் இல்லை

சிங்கமீனுக்கு 18 விஷ முட்கள் உண்டு. குத்தினால் உயிர் போகிற வலி எடுக்கும். சுடுதண்ணீரில் கையை வைக்கச் சொல்வார்கள். பிறகு டாக்டரிடம் ஓட வேண்டும். இதைக் கேள்விப்பட்ட மக்கள் "விஷ மீனையா தின்பது?" என்று பயந்தார்கள். விற்கப் போன மீனவனிடம் வாங்க ஆள் இல்லை.

நமக்கு இது புரியும். கெளுத்தி முள் குத்தினால் கடுக்காதா? அதற்காகக் கெளுத்திக் குழம்பை யாராவது விட்டிருக்கிறோமா? சிங்கமீனும் அப்படித்தான். விஷம் முள்ளில் இருக்கிறது. சதையில் இல்லை. முள்ளில் உள்ள விஷமும் சூடு பட்டால் கெட்டுப்போகும்.

கையுறை போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலால் முட்களை நறுக்கிவிட்டால் போதும். பிறகு எந்த மீனையும் போல் அரியலாம். வெள்ளைச் சதை, கவிச்சி குறைவு. முழுசாகப் பொரிக்கிறார்கள். துண்டு போட்டு எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைத்தும் சாப்பிடுகிறார்கள். 2010-ல் சிங்கமீன் சமையலுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில வெப்பக் கடல்களில் பாசியில் உண்டாகும் நஞ்சு ஒன்று, சிறு மீன் வழியாகப் பெரிய மீன் உடம்பில் சேரும். அது சமைத்தாலும் போகாது. அந்தப் பகுதிகளில் களவாயைச் சாப்பிடப் பயப்படுவதுபோல் சிங்கமீனையும் சாப்பிடப் பயப்பட வேண்டும்.

கடல் திருவிழா

சிங்கமீன் தூண்டிலுக்குச் சுலபமாக வராது. பவளப்பாறை இடுக்கில் வலை போட முடியாது. சிங்கி இறால் கூட்டில் தவறி விழுவது கொஞ்சம்தான். ஆகவே முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு ஆள் மூழ்க வேண்டும். ஒவ்வொன்றாக ஈட்டியால் குத்த வேண்டும்.

இதைப் போட்டியாக்கினார்கள். 2019-ல் புளோரிடாவில் டெஸ்டின் என்ற ஊரில் நடந்த பந்தயத்தில் 2 நாளில் 14,000-க்கு மேல் பிடித்தார்கள். புளோரிடாவில் இதைப் பிடிக்க உச்ச அளவு கிடையாது. உயிரோடு உள்ள சிங்கமீனை அந்த மாநிலத்துக்குள் கொண்டுவர 2014-ல் தடை போட்டார்கள். 2016-ல் ஒரு பெரிய மளிகைக் கடைக் கம்பெனி புளோரிடாவில் உள்ள தன் கடைகளில் இதை விற்க ஆரம்பித்தது.

பெலீஸ் நாட்டில் பெண்கள் ஒரு படி மேலே போனார்கள். வெட்டி எறியும் துடுப்பையும் முள்ளையும் வாங்கிக் காயவைத்து, தோடும் கழுத்தணியும் செய்து விற்கிறார்கள். கறிக்கு ஒரு விலை, துடுப்புக்கு ஒரு விலை. மீனவன் இரண்டு காசு கூடப் பார்க்கிறான்.

தின்றால் தீருமா?

இதுதான் கேள்வி. பதில் பாதி இனிப்பு, பாதி கசப்பு.

இனிப்பை முதலில் சொல்லலாம். பகாமா தீவுகளில் 24 பாறைகளை எடுத்துக்கொண்டு ஒன்றரை ஆண்டு பார்த்தார்கள். சில பாறைகளில் சிங்கமீனை அடிக்கடி பிடித்து எண்ணிக்கையைக் குறைத்து வைத்தார்கள். ஒன்றுவிடாமல் ஒழிக்கவில்லை, குறைத்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பாறைகளில் உள்ளூர் மீன்கள் 100-க்கு 50 முதல் 70 வீதம் பெருகின. சும்மா விட்ட பாறைகளில் பாதியாகக் குறைந்தன. 2014-ல் வந்த முடிவு இது.

அதே 2014-ல் ஜமைக்கா அரசாங்கமும் ஒரு கணக்குச் சொன்னது. மக்கள் தின்ன ஆரம்பித்தபின், கரையோரக் கடலில் சிங்கமீன் கண்ணில் படுவது 100-க்கு 66 வீதம் குறைந்துவிட்டது!

ஆனால் அந்தக் கணக்கு 75 அடி ஆழம் வரைதான். கசப்பு அதற்குக் கீழே இருக்கிறது. சிங்கமீன் 1,000 அடி ஆழத்திலும் வாழும். ஈட்டிக்காரன் அங்கே போக முடியாது. மேலே இருப்பதை நாம் தின்னத் தின்ன, கீழே இருப்பது முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். அந்த முட்டையும் பக்கத்துத் தீவிலிருந்து வரும் முட்டையும் மிதந்து வந்து காலியான இடத்தை நிரப்பும். ஆழத்தில் இறக்குவதற்கென்று தனிப் பொறிகளைச் செய்து சோதித்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு முறை விருந்து வைத்துவிட்டுக் கை கழுவ முடியாது. வீட்டு முற்றத்தைத் தினம் பெருக்குவதுபோல் பாறையைத் திரும்பத் திரும்பப் பெருக்க வேண்டும். எந்தப் பாறையைப் பெருக்குகிறோமோ அந்தப் பாறை பிழைக்கும். அதுவும் சிறிய காரியம் அல்ல. அந்தப் பாறையை நம்பி ஒரு மீனவக் கிராமம் இருக்கிறதே!

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒவ்வொன்றாகக் குத்திப் பிடிப்பதால் மீனின் அடக்கவிலை ஏறுகிறது. ஹோட்டல்காரர் தினமும் வேண்டும் என்பார். கடல் கொந்தளித்தால் ஈட்டிக்காரன் வர மாட்டான். பெரிய மீனுக்கு விலை உண்டு, குஞ்சை யார் வாங்குவார்? நன்றாக விற்றுவிட்டாலோ வேறு கவலை. இதை வைத்தே பிழைக்கும் மீனவன், இது ஒழிய வேண்டும் என்று நினைப்பானா? மனித சுபாவம் தெரிந்தவர்கள் இதைக் கேட்கத்தான் செய்வார்கள். எண்ணிக்கை குறைந்தபிறகும் பிடிக்கிறவனுக்கு அரசாங்கம் ஏதாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குள் சிங்கமீன் இன்னொரு கடலிலும் நுழைந்துவிட்டது. அங்கே தொட்டி மேல் பழி இல்லை. சூயஸ் கால்வாய் வழியாகச் செங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு அதுவாகவே நீந்திப் போயிற்று. 1991-ல் ஒன்று அகப்பட்டது. பிறகு 20 ஆண்டு ஓசை இல்லை. 2012-ல் லெபனான் கடலில் தலைகாட்டி, மளமளவென்று சைப்ரஸ் தீவைச் சூழ்ந்துகொண்டது. சைப்ரஸ் மீனவர்களும் அதைப் பிடித்து உணவுச்சாலைக்குக் கொடுக்கிறார்கள், மக்கள் சாப்பிடுகிறார்கள்.

ஆனால் அதே கால்வாய் வழியாக அந்தத் தீவுக்கு ஒரு பேத்தை மீனும் வந்திருக்கிறது. வலையைக் கடித்துக் கிழிக்கிறது. அதற்கு விஷம் முள்ளில் இல்லை, உடம்பில் இருக்கிறது. தின்றால் ஆள் செத்துப் போவான். அதை என்ன செய்வது? சைப்ரஸ் அரசாங்கம் கிலோவுக்கு இவ்வளவு என்று மீனவர்களுக்குப் பணம் கொடுத்து வாங்குகிறது. வாங்கி, நெருப்பில் போட்டு எரித்துவிடுகிறது!