மாமிசத்திற்குப் புகையூட்டச் சிக்கனமான முதற் சாதனம்

பழனி மலையின் மேற்பகுதிக் கிராமங்களில் காய்கறிச் சாகுபடியோடு ஆடு, கோழி, முயல் முதலியவற்றை வளர்க்கும் குடியானவர்கள் உண்டு. மன்னவனூரில் 1965-ஆம் ஆண்டு ஏற்பட்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டலக் கிளையிலும் செம்மறியாடுகளோடு இறைச்சி முயல்கள் பேணப்பட்டு வருகின்றன. வீட்டு உபயோகத்திற்கோ, கோடைக்கானலுக்கு வரும் பிரயாணிகளுக்கு விற்பதற்கோ மாமிசத்திற்குப் புகையூட்ட எண்ணுவோர், முதலில் எந்தச் சாதனத்தில் பணத்தைப் போடுவது என்பதை நன்கு ஆலோசித்தல் வேண்டும்.

நமது வீடுகளில் வழங்கும் உப்புக்கண்டம் வேறு. இங்குக் கூறப்படும் முறை வேறு. உப்புக்கண்டத்தில் மாமிசம் உப்பினாலும் வெயிலினாலும் ஈரம் வற்றிக் காக்கப்படுகின்றது. இம்முறையிலோ மாமிசம் ஈரத்துடனேயே புகையில் வேகின்றது. புகை மணத்தைக் கொடுக்குமேயன்றித் தனியே மாமிசத்தைக் காக்க மாட்டாது. கிருமிகளை அழிப்பது உஷ்ணமே. ஆகையால் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கையில், "இதில் உஷ்ணத்தை என் வசத்தில் வைக்கக்கூடுமா?" என்பதே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

கையில் உள்ள வழிகள் மூன்று.

முதலாவது, அடுப்பின் மேலுள்ள பரண். இதற்குச் செலவில்லை. ஆயினும் உஷ்ணம் போதாது, கரி படியும், வீட்டினுள் நிறையும் புகை பெண்டு பிள்ளைகளின் சுவாசத்தைக் கெடுக்கும். நன்கு உலர்ந்த உப்புக்கண்டத்தைத் தொங்கவிடுவதன்றி வேறெதற்கும் இது உதவாது.

இரண்டாவது, செங்கல் அறை. சரிவின் கீழே தீக்குழியும், மேலே அறையும், இடையே புகை செல்லும் கால்வாயும் அமைத்தல் படிக்கட்டு நிலங்களில் எளிதே. ஆனால் கால்வாய் நீண்டால் புகை வழியிலேயே ஆறிவிடும். வெதுவெதுப்பான புகையில் மாமிசம் பல மணி நேரம் கிடப்பது கிருமிகள் பெருகுவதற்கு வழி செய்யும். அனுபவம் உள்ளவர்களுக்கே இது தக்கது.

மூன்றாவது, 200 லிட்டர் இரும்புப் பீப்பாய். முதன்முதல் தொடங்குவோருக்கு நாம் சிபாரிசு செய்வது இதுவே. செலவு குறைவு, கிராமத்துக் கொல்லரே செய்து தரலாம், தொழில் ஒத்துவராவிடில் நஷ்டமும் அற்பமே.

பீப்பாய் வாங்குகையில் மிக்க ஜாக்கிரதை தேவை. சமையல் எண்ணெய் முதலிய உணவுப் பண்டம் இருந்த பீப்பாயையே வாங்குக. பூச்சிமருந்து, வர்ணம், இரசாயனம் ஆகியன இருந்தவற்றை எவ்வளவு கழுவினும் உபயோகிக்கலாகாது. துத்தநாகப் பூச்சுள்ள தகரமும் கூடாது. மூடியைக் கழற்றி, உள்ளே பலத்த தீ மூட்டி, பழைய பூச்சு முழுவதும் எரிந்தபின் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

அடிப்புறத்தில் 2½ செ.மீ. அகலமுள்ள 4 துளைகளிட்டு, அவற்றுக்குத் தகட்டு மூடிகள் பொருத்துக. அடியினின்று சற்று உயரத்தில் கரித்தட்டும், அதற்கு மேல் சுமார் 60 செ.மீ. தூரத்தில் மாமிசம் வைக்கும் கம்பித் தட்டும் அமையட்டும். மேல்மூடியிலும் சில துளைகள் அவசியம். கீழ்த் துளைகளைத் திறந்தால் உஷ்ணம் ஏறும்; மூடினால் இறங்கும்.

பீப்பாயில் மீதமான பணத்தில் முதலில் வாங்கவேண்டுவது, மாமிசத்தினுள் செருகிப் பார்க்கும் உஷ்ணமானி. இதில் சிக்கனம் கூடாது. சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கோடைக்கானலில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே கொதிநிலையைக் கொண்டு உஷ்ணத்தை மதிப்பிடுதல் தவறாகும். பீப்பாயினுள் 110 முதல் 120 டிகிரி சென்டிகிரேடு வரை இருத்தல் வேண்டும். முயல், கோழி இரண்டும் சதை கனத்த இடத்தில் 74 டிகிரி அடையும்வரை எடுக்கலாகாது. மூடுபனியும் காற்றும் உள்ள நாட்களில் உஷ்ணம் ஏறத் தாமதிக்கும். காற்று மறைந்த இடத்தில் பீப்பாயை வைக்கவும்.

முயல் மாமிசத்தில் கொழுப்பு குறைவாதலால் விரைவில் வறண்டுவிடும். லிட்டருக்கு 60 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஓரிரவு குளிர்ப் பெட்டியில் ஊறவைத்து, துடைத்து, பிறகு தட்டில் வைப்பது நலம்.

உஷ்ணத்திற்கு மரக்கரியும், மணத்திற்கு நன்கு உலர்ந்த விறகுத் துண்டுகள் சிலவும் போதும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதியினர் கவாத்துச் செய்த காப்பிக் கிளைகளையும், மலையடிவாரத்து ஆயக்குடியினர் கொய்யா விறகையும் உபயோகிக்கலாம். பைன், சைப்ரஸ், யூகலிப்டஸ் ஆகியவை ஆகா. அரளி விஷமாதலால் அதன் சுள்ளியும் சேரலாகாது. மெல்லிய நீலப்புகையே நல்லது. அடர்ந்த வெண்புகை கசப்பை உண்டாக்கும்.

மாமிசம் ஆறியவுடன் குளிர்ப் பெட்டியில் வைத்து, 3 அல்லது 4 நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும். பெட்டியில்லாத வீட்டில் அன்றன்றைக்கு வேண்டிய அளவே செய்தல் தகும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் பின்வரும் விஷயங்களைக் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம். வீட்டினுள்ளோ, மூடிய கொட்டகையிலோ கரி மூட்டினால் விஷவாயுவால் உயிர்ச்சேதம் நேரிடக்கூடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்திருக்குமாகையால், சுற்றிலும் புல்லைச் செதுக்கித் தண்ணீரும் அருகில் வைத்திருக்க வேண்டும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு மிருகங்களை வேட்டையாடுதல் குற்றம். வளர்ப்புப் பிராணிகளின் மாமிசத்தையே கையாள வேண்டும். விற்க விரும்புவோர் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முன்னதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் மாமிசமின்றி இருமுறை தீ மூட்டி, எத்துளை எவ்வளவு திறந்தால் எவ்வளவு உஷ்ணம் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்க. பின்னர் ஒரே ஒரு முயலைக் கொண்டு பரீட்சித்து, செலவான கரியின் எடையையும் நேரத்தையும் எழுதிவைக்கவும். பத்து முறை இவ்வாறு செய்து கணக்குப் பார்த்தபின், ஆதாயம் உண்டென்று தெரிந்தால், செங்கல் அறையைப் பற்றி யோசிப்பதற்கு அதுவே தக்க காலமாகும்.