கண்புரை அறுவை: லென்ஸ் பவரில் கருவிழிக்கும் பங்கு உண்டு

அம்பாங்கான் - கண்புரை அறுவை செய்த பிறகும் தூரத்தில் வரும் பேருந்தின் எண் மங்கலாகவே தெரிந்தால், உள்ளே வைத்த லென்ஸின் பவர் சரியாக அமையாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தியபோதே இது நடந்தது. அந்த நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது.

இப்போது கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்துதான் பவரைக் கணக்கிடுகிறார்கள். ஒளியை வளைக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கருவிழியுடையது. அந்த அளவு ஒரு டயாப்டர் பிசகினால் பார்வையும் கிட்டத்தட்ட அதே அளவு பிசகும்.

தோட்டப் பாட்டாளிகள் கவனிக்க வேண்டியது, கண் ஓரத்திலிருந்து கருவிழிமேல் படரும் சதை. ஆண்டுக்கணக்கில் வெயிலில் செம்பனைக் குலை வெட்டியவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். வலிக்காததால் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பெரிதாக வளர்ந்த சதை கருவிழியைத் தட்டையாக்கிவிடும். அந்த நிலையில் அளந்து லென்ஸ் வைத்து, பிறகு சதையை அகற்றினால் வளைவு மாறும், கிட்டப்பார்வை வரும். அதனால்தான் முதலில் சதையை எடுத்து, கருவிழி நிலைப்படும்வரை சில வாரங்களோ மாதங்களோ பொறுத்து அளக்கிறார்கள். இந்தக் காத்திருப்பு வீண் அலைச்சல் அல்ல.

பட்டணத்துப் பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்து வைத்த லேசிக் சிகிச்சையும் கணக்கைக் குழப்பும். அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். பழைய கண் பரிசோதனைத் தாள்கள் இருந்தால் கையோடு கொண்டு செல்லலாம். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள், அளவெடுக்க எத்தனை நாள் முன்பே அதைக் கழற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.