ரேடியோ வாட்ச்: புதுச்சேரிக்கு எட்டாத அலைக்குக் காசு கொடுக்கலாமா?

ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டுக்குப் பக்கத்தில் மைன்ஃபிளிங்கன் என்று ஓர் ஊர். அங்கிருந்து டிசிஎஃப்77 என்ற பெயரில், 77.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், இரவும் பகலும் நேரம் ஒலிபரப்பாகிறது. பாரிசில் குடியிருக்கும் நம் ஊர்க்காரர் கட்டியிருக்கும் ரேடியோ வாட்ச், அவர் தூங்கும் நேரத்தில் அந்த அலையைப் பிடித்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. விடுமுறைக்கு அவர் புதுச்சேரி வந்ததும் அதே வாட்ச் அந்த வேலையைச் செய்வதில்லை. வாட்ச் கெட்டுப்போகவில்லை. மைன்ஃபிளிங்கனுக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறத்தாழ 7,600 கிலோமீட்டர். அந்த அலையை வாட்ச் பிடிக்கக்கூடிய தூரம், நல்ல சூழ்நிலையில்கூட, 2,000 கிலோமீட்டர் அளவுதான்.

பிரான்சில் உறவு இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. அந்த வழியாக இந்த வாட்ச்சுகள் பரிசாக வருகின்றன. ஆன்லைன் கடைகள் வழியாகவும் மேட்டுப்பாளையம் வரை வருகின்றன. மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி ரயில் புறப்படும் ஊரை நினைக்க வேண்டாம்; தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கிற நம் மேட்டுப்பாளையத்தைச் சொல்கிறேன். ஷிப்டு வேலைக்குப் போகும் இளைஞர்கள் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ‘அணுக் கடிகாரத் துல்லியம்’ என்ற வரியை நம்பி வாட்ச் வாங்கும் இடம் இது. அந்தத் துல்லியம் இந்த ஊரில் கிடைக்காது. வாங்குவதற்கு முன்பே இது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் அது வேலை செய்யும் விதம். சாதாரண குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள் ஒரு சின்னப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. வெயில், குளிர், வயது எல்லாம் அந்த அதிர்வைக் கொஞ்சம் அசைக்கும்; அதனால் மாதத்துக்குப் பதினைந்து, இருபது நொடி முன்னே பின்னே போகும். ரேடியோ வாட்ச்சுக்குள்ளும் இதே படிகம்தான். கூடுதலாக ஒரு குட்டி ஆன்டெனா இருக்கும். அலையை அனுப்பும் நிலையத்தில் இருப்பதுதான் அணுக் கடிகாரம். சீசியம் அணுவின் அலை 919,26,31,770 முறை அதிர்ந்தால் ஒரு நொடி என்று 1967-ல் உலகம் ஒப்புக்கொண்ட அளவு அங்கே காக்கப்படுகிறது. டிசிஎஃப்77 ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் தன் அலையின் பலத்தைச் சற்று நேரம் குறைக்கும். பத்தில் ஒரு பங்கு நொடி குறைந்தால் அது பூஜ்யம். பத்தில் இரண்டு பங்கு குறைந்தால் ஒன்று. 59-வது நொடியில் குறைக்காமல் விட்டால், அடுத்து புது நிமிடம் பிறக்கிறது என்று பொருள். இப்படி ஒரு நிமிடத்துக்குள் மணி, நிமிடம், தேதி, கிழமை, மாதம், ஆண்டு எல்லாம் வந்துவிடும். இரவில் அலை தெளிவாக வரும் என்பதால் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வாட்ச் கேட்டுப் பார்க்கும். கிடைத்தால் திருத்தும். கிடைக்காத நாளில் அது இன்னொரு குவார்ட்ஸ் வாட்ச், அவ்வளவுதான்.

ஜெர்மனியின் ஜங்ஹன்ஸ் நிறுவனம் 1990-ல் இதை மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தது. இன்று ‘மல்டிபேண்ட் 6’ என்று எழுதியிருந்தால் அது ஆறு நிலையங்களைக் குறிக்கும்: ஜெர்மனியில் ஒன்று, இங்கிலாந்தின் ஆந்தோர்னில் ஒன்று, அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸில் ஒன்று, ஜப்பானில் ஃபுகுஷிமாவிலும் கியூஷூவிலுமாக இரண்டு, சீனாவின் ஷாங்சியூவில் ஒன்று. நமக்குக் கிட்டத்தில் இருப்பது சீன நிலையம். அதுவும் 4,400 கிலோமீட்டர் தள்ளி. இந்தியாவில் வாட்ச் பிடிக்கக்கூடிய இப்படிப்பட்ட நெட்டலை நிலையம் ஒன்றுகூட இல்லை. டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் இந்திய நேரத்தைக் காக்கிறது. ஒரு காலத்தில் அது ஏடிஏ என்ற பெயரில் சிற்றலையில் நேரம் ஒலிபரப்பியது உண்டு. அது 10 மெகாஹெர்ட்ஸ் அலை. 40 முதல் 77.5 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் கேட்கும் இந்த வாட்ச்சுகளுக்கு அதனால் பயன் இருந்திருக்காது.

இந்த ஊரில் அசல் வாட்ச்சும் அலை பிடிக்காது என்பதால், போலியைக் கண்டுபிடிப்பது இங்கே கடினம். டயலில் ‘மல்டிபேண்ட் 6’ என்று அச்சடித்து, உள்ளே மலிவான இயந்திரத்தை வைத்து விற்றால், “இந்தியாவில் சிக்னல் இல்லை சார், அதனால்தான் பிடிக்கவில்லை” என்று கடைக்காரர் சொல்லும் பதில் உண்மையாகவே இருக்கும். பாரிசிலோ டோக்கியோவிலோ ஒரே இரவில் அம்பலமாகிவிடும் போலி, நம் கையில் வருடக்கணக்காக அசல் என்ற பெயரில் ஓடும். ஆகவே பின்மூடியில் பொறித்திருக்கும் மாடல் எண்ணையும், கேசியோ போன்ற கம்பெனி என்றால் சதுரக் கட்டத்துக்குள் இருக்கும் மாட்யூல் எண்ணையும் பாருங்கள். அந்த எண்ணுக்கான கையேடு கம்பெனியின் சொந்த இணையதளத்தில் கிடைக்கும். கையேட்டில் சொல்லியிருக்கும் ஊர்ப் பட்டியல், அலை பிடிக்கும் பட்டன், கடைசியாக எப்போது அலை கிடைத்தது என்று காட்டும் வசதி இவை மூன்றும் உங்கள் வாட்ச்சில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சந்தேகப்படுங்கள்.

உரிமை என்ன? எல்லா வழக்கும் வெல்லாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தெந்த நாட்டு நிலையங்களைப் பிடிக்கும் என்று கம்பெனி கையேட்டில் தெளிவாக எழுதியிருந்து, விற்றவர் இந்தியாவைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்தால், ஏமாற்றினார்கள் என்று நிரூபிப்பது சிரமம். ஆனால் விற்பனைப் பக்கத்திலோ கடையிலோ ‘இந்தியாவிலும் தானாகத் திருத்திக்கொள்ளும்’, ‘எங்கிருந்தாலும் அணு நேரம்’ என்று சொல்லி விற்றிருந்தால் கதை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி அது தவறாக வழிநடத்தும் விளம்பரம். நேர்மையற்ற வணிக முறையும் ஆகும். ஆன்லைனில் வாங்கியவருக்கு 2020-ன் மின்வணிக விதிகள் இன்னும் நேரடியான பிடி கொடுக்கின்றன. விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லை என்றால், திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக்கூடாது. ‘நோ ரிட்டர்ன்’ என்று பக்கத்தில் எழுதியிருந்தாலும் இந்த விதி நிற்கும். தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பல புகார்கள் அங்கேயே பேசி முடிகின்றன. முடியாதவை புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கம்பெனி மும்பையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடும் உரிமையை 2019 சட்டம் தந்தது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கையில் இருக்க வேண்டியவை பில்லும், வாங்கிய நாளில் விற்பனைப் பக்கம் இருந்தபடி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும், பெட்டியும். வழக்கு எழுந்த பிறகு விற்பனைப் பக்கத்தின் வாசகம் மாறிவிடும். அதனால் பணம் கட்டும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். பில் வேண்டாமென்றால் விலையைக் குறைக்கிறேன் என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம். பில்லோடு சேர்த்து நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்கள் வழக்கை. பிரான்சிலிருந்து பரிசாக வந்த வாட்ச்சுக்கு இந்த வழிகள் பெரும்பாலும் உதவா. அதற்கு சர்வதேச உத்தரவாத அட்டை இருக்கிறதா என்று பரிசளித்தவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே வாட்ச் கையில் இருப்பவர்களுக்கு இனி செட் செய்யும் முறை. பலர் செய்யும் தவறு, ஊரைப் பாரிசிலேயே விட்டுவிட்டு மணியை மட்டும் முன்னே தள்ளுவது. அப்படி விட்டால் வாட்ச் தன்னைப் பாரிசில் இருப்பதாகவே நினைத்து ராத்திரிதோறும் வராத அலையைத் தேடி பேட்டரியைச் செலவழிக்கும். அதோடு பாரிசுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம் என்பதால் உலக நேரக் கணக்கும் குழம்பும். டிஜிட்டல் மாடல்களில் அமைப்புப் பட்டனை அழுத்திப் பிடித்து, சொந்த ஊர் என்ற இடத்தில் டெல்லியைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் டெல்லி இல்லாவிட்டால் கூட்டல் ஐந்தரை மணி என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். கோடைக்கால நேரம் என்பதை நிறுத்திவிடுங்கள். இந்தியாவில் அது இல்லை. அலை எட்டும் பட்டியலில் டெல்லி இல்லாததால், பல மாடல்கள் அதைத் தேர்ந்தெடுத்ததும் அலை தேடுவதைத் தாமாகவே விட்டுவிடும்.

அடுத்தது நொடி. டிவியைப் பார்த்து நொடி வைக்காதீர்கள். செயற்கைக்கோள் வழியும் செட்டாப் பாக்ஸும் சில நொடி தாமதம் சேர்க்கும். செல்போன் ஆப்பில் கேட்கும் ரேடியோவும் அப்படியே. தானாக நேரம் எடுத்துக்கொள்ளும்படி வைத்த செல்போனையோ, தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இணையதளத்தில் ஓடும் இந்திய நேரத்தையோ பார்த்து வையுங்கள். செல்போன் 00 தொடும் நேரத்தில் நொடியைப் பூஜ்யமாக்கும் பட்டனை அழுத்துங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் பதினைந்து, இருபது நொடிக்கு மேல் தவறு சேராது. அன்றாட வேலை எதற்கும் இது தாராளம்.

ஊசி வாட்ச்சுகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உள்ளே நேரம் சரியாக இருந்து, ஊசி மட்டும் தள்ளி நிற்பது உண்டு. காந்த மூடியுள்ள செல்போன் கவர், ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் இப்படி ஆகலாம். கையேட்டில் ‘ஊசியின் ஆரம்ப நிலை’ பற்றிய பகுதியைப் பார்த்து எல்லா ஊசியையும் பன்னிரண்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள். இதற்கு ரிப்பேர்க் கடையில் பணம் கொடுக்கத் தேவையில்லை.

சிலர் செல்போன் ஆப் மூலம் ஜப்பான் அலையைப் போலி செய்து வாட்ச்சைத் திருத்துகிறார்கள். இது வேலை செய்யும். சத்தத்தை முழுதாக வைத்ததும் செல்போன் ஸ்பீக்கரின் சுருளிலிருந்து கசியும் மெல்லிய அலையை, சில சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் வாட்ச் 40 கிலோஹெர்ட்ஸ் நிலையம் என்று எடுத்துக்கொள்கிறது. ஊரை டோக்கியோ என்று வைத்து, கையால் அலை பிடிக்க வைத்து, வெற்றி என்று காட்டியதும் டெல்லிக்கு மாற்றினால் மூன்றரை மணி குறைந்து நம் நேரம் வந்து நிற்கும். அந்த நேரத்தில் இயர்போனைக் காதில் வைக்காதீர்கள், செவிக்கு ஆபத்து. நேரம் காட்டும் ஆப்புக்குத் தொடர்பு எண்களும் புகைப்படங்களும் எதற்கு? அவற்றுக்கு அனுமதி கேட்டால் ஆப்பை அழித்துவிடுங்கள். கூடுதல் சுருளும் ஆம்ப்ளிஃபயரும் கட்டி வீடு முழுக்க அலை பரப்பும் வேலைக்கு மட்டும் போகவேண்டாம். உரிமம் இல்லாமல் ரேடியோ அலை பரப்புவது குற்றம்.

புதிதாக வாங்குபவருக்கு என் கருத்து: துல்லியம்தான் வேண்டுமென்றால் ப்ளூடூத் வழியாகச் செல்போனிடம் நேரம் வாங்கும் வாட்ச்சையோ, செலவு செய்ய முடிந்தால் ஜிபிஎஸ் வாட்ச்சையோ எடுங்கள். செயற்கைக்கோள் புதுச்சேரிக்கு மேலேயும் வரும். மொட்டை மாடியில் நின்றால் போதும். நெட்டலை வசதி மட்டும் உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது, அடிக்கடி ஐரோப்பாவோ ஜப்பானோ போய்வருபவருக்குத்தான் பொருந்தும்.

தொழிற்பேட்டையில் நேரம் வெறும் அலங்கார விஷயம் அல்ல. கைரேகை வைக்கும் வருகைப் பதிவு இயந்திரம் மூன்று நிமிடம் முன்னே ஓடினால் தினமும் தாமதம் என்று பதிவாகும். பின்னே ஓடினால் ஷிப்டு முடிந்தும் வெளியே வரும் நேரம் தள்ளிப்போகும். கூடுதல் நேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டம் சொல்லும்போது இந்த நிமிடங்களுக்குப் பண மதிப்பு உண்டு. உங்கள் மணிக்கட்டு வாட்ச்சைக் காட்டி அங்கே வாதாடினால் எடுபடாது. இயந்திரம் எந்த மூலத்திலிருந்து நேரம் எடுக்கிறது, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். நாடு முழுவதும் ஒரே இந்திய நேரத்தைப் பின்பற்றச் செய்யும் வரைவு விதிகளை மத்திய நுகர்வோர் துறை 2025 ஜனவரியில் வெளியிட்டது. அகமதாபாத், பெங்களூர், புவனேஸ்வர், ஃபரிதாபாத், கவுகாத்தி ஆகிய ஐந்து ஊர்களின் சட்ட அளவியல் ஆய்வகங்கள் வழியாக நேரத்தைப் பரப்பும் திட்டமும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தோடு சேர்ந்து நடக்கிறது. மணிக்கட்டு வாட்ச் நேரடியாகப் பிடிக்கும் அலை அதில் இல்லை. ஆனாலும் வருகைப் பதிவு இயந்திரத்தின் நேரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொழிலாளிக்கு அது ஒரு வலுவான பிடி. தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் இந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.