நுளம்புக் குடம்பியின் உணவு

நுளம்பு எதனை உண்கின்றது என வினவின் குருதி என்று விடையிறுப்பதே வழக்கம். இவ்விடை பெண் நுளம்புக்கே, அதுவும் முட்டையை முதிர்விக்கும் தேவைக்கே பொருந்தும். நீரில் வாழும் குடம்பியின் உணவோ முற்றிலும் வேறானது.

குடம்பியின் வாய்ப்புறத்தே இரு தூரிகைகள் உள. அவை இடைவிடாது அசைந்து நீரோட்டத்தை உண்டாக்கி, பற்றீரியா, நுண்ணிய அல்காக்கள், உக்கிய இலைத்துகள்கள் ஆகியவற்றை வாயினுட் சேர்க்கின்றன. எனினும் எல்லாச் சாதிகளும் ஓரிடத்தில் மேய்வதில்லை. கியூலெக்சுக் குடம்பி சுவாசக்குழலை நீர்மட்டத்திற் பொருத்தித் தலைகீழாகத் தொங்கி, இடைநீரில் உள்ளவற்றை வடித்துண்ணும். ஈடிசுக் குடம்பி பாத்திரத்தின் அடியையும் சுவரையும் பெரிதும் சுரண்டும். அனோபிலிசுக் குடம்பிக்குச் சுவாசக்குழல் இல்லை. ஆதலின் அது நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகக் கிடந்து, தலையை மட்டும் 180 பாகை திருப்பி, மேற்பரப்பிலுள்ள மென்படலத்தை மேய்கின்றது.

அற்பமாகத் தோன்றும் இவ்வேறுபாடு மலேரியா எதிர்ப்பின் வரலாற்றிற் பெரும்பயன் தந்தது. ஆசனிக்கும் செம்பும் அடங்கிய பாரிசுப் பச்சை என்னும் தூள் 1921 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவிற் குடம்பிகொல்லியாக அறிமுகமாயிற்று. தூசியுடன் கலந்து தூவப்பட்ட அத்தூள் நீரில் மிதந்தது. மிதப்பது உணவோ நஞ்சோ என்று பிரித்தறியாத அனோபிலிசுக் குடம்பி அதனை விழுங்கி மடிந்தது. கீழே மேய்ந்த கியூலெக்சு பெரும்பாலும் தப்பியது. பிரேசிலுட் புகுந்திருந்த ஆபிரிக்க அனோபிலிசு 1940 இல் அங்கிருந்து ஒழிக்கப்பட்டமைக்கு இத்தூள் முக்கிய கருவியாயிற்று.

இலங்கையில் 1934 இல் பருவமழை பொய்த்து ஆறுகள் வற்றின. ஓட்டமற்று வெயிலிற் கிடந்த குட்டைகள் அனோபிலிசு குலிசிபேசிசு என்னும் சாதியின் குடம்பிகளுக்கு உகந்த மேய்ச்சல் நிலமாயின. 1935 வரை நீடித்த அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். நுளம்பு மட்டுமே இதற்குக் காரணமென்பது அரைகுறை விளக்கம். நிவாரணப் பணியில் இறங்கிய சூரியமல் இயக்கத்து இளைஞர், கிராமத்து ஏழைகளின் உடல்கள் ஏற்கெனவே பட்டினியால் நலிந்திருந்தமையைச் சுட்டிக்காட்டினர். குடம்பிக்குக் கிடைத்த உணவு குடியானவனுக்குக் கிடைக்கவில்லை.

குடம்பி உண்பது நிறையுடலியின் வாழ்வையும் நிர்ணயிக்கின்றது. டொக்சோரிங்கைற்றிசு என்னும் பெருநுளம்பின் குடம்பி, மரப்பொந்து நீரிலே பிற நுளம்புக் குடம்பிகளைப் பிடித்துண்ணும். இவ்வாறு பெற்ற புரதம் முட்டைக்கும் போதுமாதலால், அதன் பெண் குருதியை நாடுவதில்லை. மலர்த்தேன் போன்ற இனிப்புச் சாறுகளே அதற்குப் போதும். நுளம்புக்கு எதிராக நுளம்பையே ஏவும் முயற்சிகள் இதனால் எழுந்தன.

இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றுரைக்கப்பட்டது. டெங்கு எஞ்சி நிற்கின்றது. இன்று ஈடிசுக்கு எதிராகவும் பயன்படும் பற்றீரியம் ஒன்று 1976 இல் இசுரேலின் நெகேவ் பாலைவனத்திற் கண்டெடுக்கப்பட்டது. அதன் புரதப் பளிங்குகளைக் குடம்பி உணவென்றே விழுங்குகின்றது. காரத்தன்மையுள்ள குடலில் அவை கரைந்து நஞ்சாகிக் குடற்சுவரைச் சிதைக்கின்றன. உண்ணாத கூட்டுப்புழுவை இம்மருந்து தீண்டாது. வெப்பமான நீரிற் குடம்பிப் பருவம் ஒரு வாரமளவிலேயே முடிந்துவிடுவதால், குடம்பி உண்ணும் அச்சில நாட்களுக்குள் மருந்து நீரிற் சேர்ந்தாக வேண்டும்.