காடு இருக்கிறது, அரணை இல்லை

கிறிஸ்மஸ் தீவில் மட்டுமே வாழ்ந்த மூன்று பல்லியினங்களில் ஒன்று பூண்டோடு போய்விட்டது. மற்ற இரண்டும் கூண்டுக்குள் போனதால் பிழைத்தன.

கம்ப் இறந்தது 2014 மே 31ஆம் தேதி. கிறிஸ்மஸ் தீவில் ஒரு கூண்டுக்குள் வளர்க்கப்பட்ட பெண் அரணை அது. அதன் இனத்தில் வேறொன்று உயிரோடு இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. காடுகளில் தேடியவர்கள் 2010க்குப் பிறகு ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2017ல், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் முறைப்படி அறிவித்தது: கிறிஸ்மஸ் தீவின் காட்டு அரணை அற்றுப்போய்விட்டது.

இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கி.மீ. தொலைவில் இருக்கிறது இந்தத் தீவு. பரப்பளவு 135 சதுர கி.மீ. உரிமை ஆஸ்திரேலியாவுக்கு. பிழைப்பு பாஸ்பேட் சுரங்கம். மழைக்காலம் தொடங்கியதும் காட்டிலிருந்து கடலுக்குப் படையெடுக்கும் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளால் உலகப் புகழ் பெற்றது. நண்டுகளைப் படமெடுக்கப் போனவர்களில் எத்தனை பேர் காலடியில் ஓடிய அரணையைக் கவனித்திருப்பார்கள்?

ஓடியது உண்மை. 1970களின் இறுதியில் தீவை ஆராய்ந்தவர்கள் அரணைகளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கறுப்பு உடலில் வெளிர்க் கோடுகளும் பளீரென்ற நீல வாலும் கொண்ட நீலவால் அரணை வீட்டுத் தோட்டங்களிலேயே வெயில் காயும். காட்டுத் தரையில் காட்டு அரணை. இரவில் மரங்களில் லிஸ்டர் பல்லி. (1887ல் எஜீரியா என்ற பிரிட்டிஷ் கப்பலில் வந்த இயற்கை ஆய்வாளர் லிஸ்டரின் பெயர் அது.) மூன்றுக்கும் உலகில் வேறு எங்கும் வீடு கிடையாது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் மூன்றும் காணாமல் போயின. காட்டை யாரும் அழித்துவிடவில்லை என்பதுதான் இதில் விசேஷம். தீவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேசியப் பூங்கா. மரங்கள் அப்படியே நிற்கின்றன. வேலி போட்டுக் காடு காத்தால் உயிர்கள் தாமே பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்தது.

நம் கிராமங்களில் அரணை கடித்தால் மரணம் என்பார்கள். பாவம், அதற்கு விஷமே கிடையாது. கிறிஸ்மஸ் தீவில் கடிபட்டது அரணைதான். முதல் சந்தேகம் விழுவது தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த ஓநாய்ப் பாம்பின் மீது. சரக்குக் கப்பலில் ஒளிந்து வந்திருக்கலாம் என்று கருதப்படும் இப்பாம்பு தீவில் முதன்முதலில் பதிவானது 1987ல். பல்லியினங்களே அதன் முக்கிய உணவு. இப்படியொரு எதிரியை அறியாமலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அரணைகளுக்குத் தப்பிக்கத் தெரியவில்லை. வடகிழக்கில் துறைமுகமும் குடியிருப்பும் உள்ள பகுதியில் அவை முதலில் மறைந்தன. பிறகு அந்த மறைவு தீவு முழுக்கப் பரவியது. வெளியிலிருந்து வந்த ராட்சதப் பூரான், மஞ்சள் பைத்திய எறும்பு, பூனை, எலி ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

அரசு விழித்துக்கொண்டதற்குப் பின்னால் இன்னொரு மரணம் இருக்கிறது. இதே தீவுக்கே உரிய பிப்பிஸ்ட்ரெல் என்ற சிறு வௌவால் அருகிவருவதாக நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் எச்சரித்துவந்தார்கள். பிடித்து வளர்க்க அரசு அனுமதி தந்தது 2009 ஜூலையில். ஆகஸ்டில் வலையோடு போன குழுவுக்குக் கிடைத்தது ஒற்றை வௌவாலின் ஒலி மட்டுமே. ஆகஸ்ட் 26க்குப் பிறகு அதுவும் கேட்கவில்லை.

அரணை விஷயத்தில் அதே தவறு நடக்கவிடக் கூடாது என்று அதிகாரிகள் வேகம் காட்டினார்கள். 2009, 2010ல் காட்டில் மிஞ்சியவற்றைத் தேடிப் பிடித்தார்கள். நீலவால் அரணைகள் 66 கிடைத்தன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக யார் கண்ணிலும் படாமலிருந்த லிஸ்டர் பல்லிகள் 43. காட்டு அரணை மூன்றே மூன்று. மூன்றும் பெண். ஆண் ஒன்று கிடைக்குமா என்று தேடித் தேடிச் சலித்தார்கள். கிடைக்கவில்லை. மற்ற இரண்டும் இறந்தபின் தனியாக இருந்ததுதான் கம்ப்.

பிடிபட்ட மற்ற இரு இனங்களும் பெருகின. தீவிலும் சிட்னியின் டாரோங்கா உயிரியல் பூங்காவிலும் வளர்த்தார்கள். ஒரே இடத்தில் விபத்து நேர்ந்தால் எல்லாம் போய்விடுமே என்ற முன்யோசனை. 2014ல் அது பலித்தது. தீவுக் கூண்டுகளில் முகத்தைச் சிதைத்து உயிரைக் குடிக்கும் பாக்டீரியா நோய் புகுந்தது. அதுவரை அறிவியல் அறியாத கிருமி அது. ஆனாலும் இரு இனங்களும் தாக்குப்பிடித்து ஆயிரத்தைத் தாண்டின. அத்தனையும் அந்த 66, 43ன் சந்ததி.

சரி, திரும்பக் காட்டில் விடலாமே? பாம்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. 135 சதுர கி.மீ. தீவில் அதை ஒழிக்க இதுவரை வழி கிடைக்கவில்லை. வேலியிட்ட வளாகத்தில் விட்டுப் பார்த்தபோது பூரான் புகுந்தது. கடைசியில் வேறு வீடு தேடினார்கள். 2019ல் மேற்கே ஏறத்தாழ ஆயிரம் கி.மீ. தள்ளியுள்ள கோகோஸ் தீவுக் கூட்டத்தில், புலு பிளான் என்ற குட்டித் தீவில் 150 நீலவால் அரணைகள் விடப்பட்டன. இரண்டே ஹெக்டேர் மணலும் தென்னையும். ஓநாய்ப் பாம்பு கிடையாது. அரணைகள் அங்கே குஞ்சு பொரித்தன. அடுத்த ஆண்டு இன்னொரு தீவிலும் குடியேற்றம் நடந்தது.

கடல் தாண்டி வாழ்வது சொந்த ஊரில் வாழ்வதற்கு ஈடாகாது. ஆனால் நீலவால் அரணைக்குக் காத்திருக்கவாவது ஓர் இடம் கிடைத்தது. சில ஆண்டுகள் முன்னதாகத் தேடியிருந்தால் காட்டு அரணைக்கும் ஓர் ஆண் துணை கிடைத்திருக்கலாம்.